ஒலிக்கும் ஒரு மதகு வேண்டும்

1924-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள், சென்னை மாகாண வானொலிக் கழகத்தார் தம் ஒலிபரப்பைத் தொடங்கினர். ஆர்வலர் சிலர் கூடி நடத்திய அக்கழகம் பொருள் முடையால் 1927 அக்டோபரில் தன் பணியை நிறுத்திக்கொண்டது. எனினும் தமிழகத்து வானொலியின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்நாளில் உலகெங்கும் எளிய மக்கள் வானொலி கேட்கக் கையாண்ட கருவிக்குக் 'கிரிஸ்டல் செட்' என்று பெயர். ஒரு கம்பிச் சுருள், ஒரு சிறு படிகம், கூரைமேல் நீளமாகக் கட்டிய ஏரியல், மண்ணில் புதைத்த எர்த் கம்பி, இவற்றோடு காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன், அவ்வளவே. பாட்டரி கிடையாது, மின்சாரமும் கிடையாது. காற்றில் மிதந்து வந்த அலையில் எஞ்சியிருந்த சொற்ப ஆற்றல் ஒன்றைக் கொண்டே பாட்டும் பேச்சும் காதில் ஒலித்தன.

வீட்டில் பலர் கேட்க விரும்பினால் என் செய்வது? மேனாட்டு இல்லங்களில் ஹெட்போனைக் கழற்றி ஒரு பீங்கான் கிண்ணத்துக்குள் வைப்பார்களாம். கிண்ணம் ஒலியைச் சற்றே திரட்டித் தர, குடும்பத்தார் தலைகளை ஒன்றாகச் சேர்த்துக் குனிந்து கேட்பார்களாம்! இன்று நம் இல்லங்களில் நிலைமை தலைகீழ். அறை முழுவதும் அதிர ஒலிக்கும் ஸ்பீக்கர்கள் உள்ளன. அவ்வொலியை ஒருவர் காதுக்குள் எப்படி அடக்குவது என்பதே இப்போதைய கேள்வி.

இக்கேள்வியை நமக்கு எழுப்பியது சித்தையன்கோட்டை. திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தில், செம்பட்டிக்கு அருகே அமைந்த பேரூர் அது. மேற்கே மலை, மலையடியில் காமராசர் அணை. அங்கு நாம் அறிந்த குடும்பம் ஒன்று. வீட்டுத் தலைவர் எழுபதைக் கடந்தவர். நூற்பாலை ஒன்றில் முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். ஆலையின் இரைச்சல் அவர் செவிப்புலனில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டது. இரவு உணவு முடிந்ததும் கோடைப் பண்பலை 100.5-இல் பழைய பாடல்கள் கேட்பது அவருக்கு எஞ்சியுள்ள ஒரே பொழுதுபோக்கு. மகன் திண்டுக்கல்லில் சொல்லிச் செய்வித்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியும், கூடத்தின் இரு மூலைகளில் இரண்டு ஸ்பீக்கர்களும் உள்ளன. முதியவருக்குக் கேட்கவேண்டுமாயின் வால்யூம் பாதிக்கு மேல் போகவேண்டும். அதே நேரத்தில் பேத்தி, இடையில் ஒரு மரத்தடுப்பு மட்டுமே உள்ள அடுத்த அறையில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கவேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. "தாத்தா, கொஞ்சம் குறைச்சு வைங்க" என்று பேத்தி சொல்வதும், "இதுக்கு மேல குறைச்சா எனக்கு எதுக்கும்மா பாட்டு?" என்று அவர் பெட்டியையே அணைத்துவிட்டு எழுந்து போவதும் அன்றாட நிகழ்ச்சியாயின. பிறகு சில நாள்கள் அவர் பெட்டியைத் தொடுவதே இல்லை. பாட்டை இழந்த முதியவர் பேச்சையும் குறைத்துக்கொண்டார். குடும்பத்தாருக்கு அதுவே பெருங்கவலை ஆயிற்று.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் இரவு ஒலி 45 டெசிபலுக்கு மேற்படலாகாது என்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. தெருவுக்குச் சட்டம் உண்டு. மரத்தடுப்புக்கு இப்பாலும் அப்பாலும் நடக்கும் வழக்கைத் தீர்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார் அன்றோ!

மகன் ஒரு முடிவுக்கு வந்தார். கடையில் ஒரு ஹெட்போன் வாங்கினார். ஆம்ப்ளிஃபயரில் அதைச் செருகத் துளை இல்லாமையால், அதன் பின்னை வெட்டி எறிந்துவிட்டு, வயரின் நுனிகளைச் சுரண்டி, ஸ்பீக்கர் வயர் மாட்டும் இடத்தில் நேராக முறுக்கிவிட்டார். பெட்டியைப் போட்டதும் 'டப்' என்றொரு ஓசை. ஹெட்போனின் ஒரு பக்கம் அன்றோடு ஊமையாயிற்று. நல்லவேளையாக அப்போது அது முதியவரின் காதில் இல்லை, மேசைமேல் கிடந்தது.

அவர் செய்ததில் எண்ணம் நல்லது. கணக்கு மட்டும் தவறு. அந்தக் கணக்கைச் சற்று விளக்குவோம். கூடத்தில் உள்ள காற்று முழுவதையும் அசைத்து ஓசை உண்டாக்குவது ஸ்பீக்கரின் வேலை. அதற்கு ஒரு வாட், இரண்டு வாட் என்று ஆற்றல் வேண்டும். காதை ஒட்டி அமரும் ஹெட்போன் அசைக்க வேண்டியதோ ஒரு கைப்பிடிக்கும் குறைவான காற்று. பொதுவான ஹெட்போனுக்கு ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லிவாட் கொடுத்தாலே ஒலி 100 டெசிபலை எட்டிவிடும். அது நம் காதுக்கு வேண்டியதற்கும் மிகுதி. பாட்டரி இல்லாத கிரிஸ்டல் செட் அன்று பாடியதன் மர்மமும் இதுவே.

இப்போது நம் ஊர்ப் பக்கத்து ஆம்ப்ளிஃபயருக்கு வருவோம். மெக்கானிக்குகள் பல்லாண்டுகளாக விரும்பிப் பயன்படுத்தி வந்த 'ஐ.சி.' எல்.ஏ. 4440. வாடகைக் கார் முதல் தேநீர்க் கடை வரை '4440 போர்டு' பாடாத இடம் அரிது. ஸ்டீரியோவாக அமைத்தால் பக்கத்துக்கு 6 வாட் தரும். இரண்டையும் இணைத்து 'பிரிட்ஜ்' முறையில் அமைத்தால் 19 வாட் வரை தரும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 6 வாட் தரும்போது அதன் வெளிவாயிலில் ஏறத்தாழ 5 வோல்ட் நிற்கிறது. அந்த 5 வோல்ட்டை 32 ஓம் ஹெட்போனில் நேராகச் செலுத்தினால் முக்கால் வாட் பாயும். ஒரு மில்லிவாட் போதுமான இடத்தில் எழுநூற்றைம்பது! அணை நீர் நாற்றங்காலுக்குத் தேவைதான். அதற்காக வாய்க்காலும் மதகும் இன்றி அணையையே நாற்றங்காலில் திறந்துவிடுவார் உண்டோ? ஆம்ப்ளிஃபயரோடு ஹெட்போனை இணைக்கும் கலை, ஆற்றலைக் கொடுக்கும் கலை அன்று, தடுக்கும் கலை.

மதகு எது?

அம்மதகின் பெயர் ரெசிஸ்டர். சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள். ஆம்ப்ளிஃபயரின் இடப்பக்க வெளிவாயிலிலிருந்து வரும் உயிர்வயரில் ஒன்று, வலப்பக்கத்து உயிர்வயரில் ஒன்று என 330 ஓம் ரெசிஸ்டர் இரண்டை வரிசையில் வைத்து, அவற்றின் வழியாகவே ஹெட்போனுக்கு ஒலியை விடவேண்டும். முன் சொன்ன முக்கால் வாட் இப்போது ஏறத்தாழ 6 மில்லிவாட்டாகச் சுருங்கிவிடும். இன்னும் செம்மையாக வேண்டுமாயின், ஹெட்போனுக்குச் செல்லும் உயிர்வயருக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் இரு பக்கத்திலும் இணைக்கலாம். அப்போது ஒன்றரை மில்லிவாட் அளவிலேயே நின்றுவிடும். இதில் மற்றொரு நன்மையும் உண்டு. நேராக இணைத்தால் காதில் ஓயாது கேட்கும் 'உஸ்' என்ற இரைச்சலும் 'ம்ம்' என்ற மின்சார முனகலும் இந்த மதகில் சேர்ந்தே அடங்கிவிடும். வால்யூம் குமிழையும் மயிரிழை அளவு திருப்பி அல்லற்படாமல், தாராளமாகத் திருப்பி வேண்டிய அளவில் நிறுத்தலாம்.

சிறிய பெட்டிக்குக் கால் வாட் ரெசிஸ்டரே போதும். 50 வாட் தரும் பெரிய ஆம்ப்ளிஃபயராயின், 330 ஓம் ரெசிஸ்டர் முழு ஒலியில் ஒரு வாட் அளவு சூட்டைத் தாங்க நேரும். ஆதலின் 2 வாட் ரெசிஸ்டராகப் போடுதல் வேண்டும். கடைகளில் விலை கொடுத்து வாங்கும் பழைய ஹை-ஃபை பெட்டிகளைத் திறந்து பார்த்தால், ஹெட்போன் துளைக்குப் பின்னால் இப்படிப்பட்ட இரண்டு ரெசிஸ்டர்கள் பல பெட்டிகளில் அடக்கமாக அமர்ந்திருப்பதைக் காணலாம். முன்பக்கத்தில் ஹெட்போன் படம் போட்ட துளை இருந்துவிட்டால் இந்த வேலையெல்லாம் நமக்கு இல்லை, செருகவேண்டியதுதான்.

ஓர் எச்சரிக்கை. 'பிரிட்ஜ்' முறையில் அமைந்த பெட்டியில் ஸ்பீக்கருக்குச் செல்லும் இரு வயர்களுமே உயிருள்ளவை. எதுவும் கிரவுண்டு அன்று. ஸ்டீரியோ ஹெட்போனிலோ இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே கிரவுண்டு வயரைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு ஸ்பீக்கர் வாயில்களின் கறுப்பு வயர்களை ஒன்றாகச் சேர்த்து அந்தக் கிரவுண்டில் கொடுத்தால் ஆம்ப்ளிஃபயரே ஷார்ட் ஆகி எரியும். நம் குடும்பத்துப் பெட்டி சாதாரண ஸ்டீரியோ ஆதலால் தப்பியது. உங்கள் பெட்டி எவ்வகை என்பதை மெக்கானிக்கிடம் கேட்டறியாமல் வயரைச் சுரண்ட வேண்டா. பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்போருக்கு வேறொரு விதி: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஹெட்போனை மட்டும் ரெசிஸ்டரோடு மாட்டுவது கூடாது. சுமையின்றி ஓடினால் அதன் டிரான்ஸ்ஃபார்மர் கெடும். ஸ்பீக்கருக்குப் பதில் அதே ஓம் அளவுள்ள பெரிய வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சுமையாக வைத்தல் வேண்டும்.

பின்னைப் பற்றியும் ஒரு சொல். ஹை-ஃபை பெட்டியில் இருக்கும் பெரிய துளை 6.35 மில்லிமீட்டர், இன்றைய ஹெட்போனின் சிறிய பின் 3.5 மில்லிமீட்டர். அந்தப் பெரிய பின் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொலைபேசி நிலையத்து ஊழியர்கள் ஓர் இணைப்பிலிருந்து மற்றோர் இணைப்புக்குச் செருகிய பின்னின் வழித்தோன்றல். ஸ்டீரியோ பின்னில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கும். நுனி இடக்காதுக்கு, நடுப்பகுதி வலக்காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டு. ஒரே கறுப்பு வளையமுள்ள மோனோ பின்னை ஸ்டீரியோ துளையில் செருகினால் வலப்பக்கம் ஷார்ட் ஆகும். தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோ ஒலிப்பதிவு 1978-இல் இளையராஜா இசையமைத்த 'பிரியா' படத்தோடு வந்தது என்பர். முதியவர் விரும்பும் பாடல்கள் அதற்கும் முந்தியவை. இரு காதுக்கும் ஒரே ஒலிதான். அவருக்கு இடமும் வலமும் மாறினாலும் கேடில்லை!

முதியவரின் வழக்கு

ரெசிஸ்டர் வைத்த இணைப்பு சித்தையன்கோட்டைக் குடும்பத்துச் சிக்கலைப் பாதிதான் தீர்த்தது. ஹெட்போனைச் செருகியதும் ஸ்பீக்கர்கள் அடங்கிவிடும்படி அமைத்தார் மெக்கானிக். தேர்வுக்குப் படிக்கும் பெண்ணுக்கு நிம்மதி. ஆனால் ஞாயிறு மாலையில் எல்லாரும் கூடிக் கேட்கும் வேளையில் என் செய்வது? முதியவர் ஹெட்போன் போட்டால் மற்றவர்களுக்கு ஒலி இல்லை. ஸ்பீக்கரில் விட்டால் அவருக்குக் கேட்காது. இரண்டையும் ஒருசேர ஓடவிட்டாலும், ஒரே வால்யூம் குமிழ் இரண்டையும் ஆள்வதால், அவருக்காகக் கூட்டினால் கூடம் அதிரும்.

இதற்கு வழி, ஒலியை வால்யூம் குமிழுக்கு முன்பாகவே பிரித்தெடுப்பது. பல ஹை-ஃபை பெட்டிகளின் பின்புறம் 'ரெக் அவுட்' அல்லது 'டேப் அவுட்' என்று இரண்டு துளைகள் இருக்கும். காசெட்டில் பதிவு செய்வதற்காக வைத்தவை. இன்று காசெட் பதிவு செய்வார் அரிது. துளைகள் தூசி படிந்து கிடக்கின்றன. அங்கே வரும் ஒலி, முன்பக்கக் குமிழ் கூட்டினாலும் குறைத்தாலும் மாறாது. ஆனால் அது ஹெட்போனை நேராக இயக்கும் வலிமை அற்றது. ஆகவே, தனி வால்யூம் குமிழுள்ள ஒரு சிறிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரை அங்கே இணைத்து, அதில் முதியவரின் ஹெட்போனைச் செருகவேண்டும். அத்துளைகள் இல்லாத கைவேலைப் பெட்டியாயின், வால்யூம் குமிழுக்கு முன் ஷீல்டு வயர் கொண்டு ஒரு கிளை எடுத்துத் தருவது எந்த ரேடியோ மெக்கானிக்குக்கும் அரைமணி நேர வேலை. இப்படிச் செய்தபின், கூடத்தில் மற்றவர்களுக்கு மெல்லிய ஒலி. அவருக்கு அவர் வேண்டும் அளவு. ஸ்பீக்கரை முற்றிலும் குறைத்துவிட்டாலும் அவருடைய பாட்டு நிற்பதில்லை. காது மந்தமான பெரியோர் உள்ள எல்லா வீடுகளுக்கும், தொலைக்காட்சிக்கும்கூட, இம்முறையே உகந்தது என்பது நம் துணிபு.

ஆயினும் அவருக்குக் கேட்கவில்லை என்பதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது மருந்தாகாது. இரைச்சலாலும் முதுமையாலும் கெடும் காது, முதலில் இழப்பது மேல்சுருதி ஒலிகளை. உயிரெழுத்துகள் நன்றாகவே கேட்கும். க, ச, த, ப போன்ற வல்லின ஒலிகள் மங்கும். 'கல்' என்றதும் 'பல்' என்றதும் அவருக்கு ஒன்றே. "காதில் விழுகிறது, விளங்கவில்லை" என்று பெரியவர்கள் சொல்வதன் பொருள் இதுதான். நாம் அதைக் கவனமின்மை என்று கடிந்துகொள்கிறோம். வால்யூமைக் கூட்டுவதைவிட 'ட்ரெபிள்' குமிழைச் சற்றுக் கூட்டி, 'பாஸ்' குமிழைக் குறைத்தால் பாட்டின் சொற்கள் தெளியக்கூடும். அதற்கும் முன்னதாகக் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் சென்று செவித்திறனை அளந்து பார்ப்பது முறை. சில குறைகள் காதுக் குறும்பியால் வந்தவையாகவும் இருக்கும்! காதுக்குப் பின் மாட்டும் செவித்துணைக் கருவி அணிந்தவர், காது முழுவதையும் மூடும் அகன்ற ஹெட்போனை அதன்மேல் அணிந்து பார்க்கலாம்; கருவி 'கீச்' என்று ஊளையிட்டால் ஹெட்போனைச் சற்றே நகர்த்தி வைக்கவேண்டும்.

இளையோர் காதைப் பற்றித்தான் நமக்கு மிகுந்த கவலை. நம் உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் காதொன்றுக்கு ஏறத்தாழ 15,000 மட்டுமே. மனிதருக்கு அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018-இல் வகுத்த அளவின்படி, வளர்ந்தவர் ஒருவர் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். சிறுவருக்கு 75 டெசிபல். ஒலி 3 டெசிபல் கூடுந்தோறும் நேரம் பாதியாகக் குறையும். 83 டெசிபலுக்கு 20 மணி, 86-க்கு 10, 89-க்கு 5, 95 டெசிபலில் ஒரு மணி கால் நேரத்தோடு அந்த வாரத்துக் கணக்கு முடிந்தது. மூன்று டெசிபல் என்பது காதுக்குச் சற்றே கூடினாற்போல் மட்டுமே தோன்றும். கேடு மட்டும் இரட்டிப்பு. டெசிபல் அளக்கும் கருவி வீட்டில் இல்லையே என்பீர்கள். ஹெட்போன் அணிந்திருப்பவரிடம் ஒரு கைத்தொலைவில் நின்று இயல்பான குரலில் பேசிப் பாருங்கள். அவருக்குக் கேட்கவில்லையாயின் ஒலி மிகுதி.

செருகும் வரிசையும் முக்கியம். முதலில் வால்யூமை முற்றிலும் குறையுங்கள். பின்னைச் செருகுங்கள். பெட்டியைப் போடுங்கள், 'டப்' ஓசை அடங்கட்டும். அதன்பின் ஹெட்போனைக் காதில் அணிந்து, மெல்ல ஒலியைக் கூட்டுங்கள். அணைக்கும்போது காதிலிருந்து கழற்றிய பிறகே அணையுங்கள்.

வயரே வேண்டாம், புளூடூத் இருக்கிறதே என்று இளைஞர் கேட்பர். பழைய ஹை-ஃபை பெட்டியின் 'ரெக் அவுட்' துளையில் ஒரு சிறு புளூடூத் அனுப்பி மாட்டினால் போதும். வயரில் கால் தடுக்கி முதியவர் விழும் அச்சமும் இல்லை. ஆனால் ஒலி ஒரு நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தாமதமாக வரலாம். பாட்டுக்கு அதனால் குற்றமில்லை. தொலைக்காட்சியில் உதடு முன்னும் பேச்சு பின்னுமாக ஓடும். நாள்தோறும் சார்ஜ் போட மறவாதவர் வீட்டில் ஒருவராவது இருக்கவும் வேண்டும். சித்தையன்கோட்டைப் பெரியவர் வயரையே தேர்ந்தார். சுவரோரமாக இழுத்து ஆணியடித்த நீட்டிப்பு வயர் அவர் சாய்வு நாற்காலி வரை செல்கிறது.

ஹெட்போன் குடும்பத்தாரைத் தனித்தனித் தீவுகளாக்கிவிடும் என்ற குறை புதிதன்று. வீட்டில் இசை கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனை அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ் 1958-இல் கொண்டுவந்தார். 1979 ஜூலையில் சோனி நிறுவனம் வாக்மேன் என்னும் காசெட் கருவியை விற்பனைக்கு விட்டபோது, அதன் முதல் வடிவத்தில் ஹெட்போனுக்கு ஒன்றல்ல, இரண்டு துளைகள் வைத்தது. நடுவில் பேசிக்கொள்ள ஒரு பொத்தானும் உண்டு. ஒருவர் தாம் மட்டும் கேட்டு அருகிருப்பவரை விலக்குவது மரியாதையாகாதோ என்று அதன் தலைவர் அக்கியோ மொரிட்டா ஐயுற்றதே காரணம். பொது மக்கள் அந்த இரண்டாம் துளையை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. பின்வந்த வடிவங்களில் அது மறைந்தது. நமக்கு அது வருத்தமே. எனினும் ஒரு துளையை இரண்டாக்கும் கிளைப்பின் கடைகளில் கிடைக்கிறது. தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து கேட்கலாம். இரண்டும் ஒரே வகை ஹெட்போனாக வாங்குங்கள். இல்லையேல் ஓம் அளவு வேறுபட்டு, ஒருவருக்கு உரக்கவும் மற்றவருக்கு மெல்லவும் கேட்கும்.